வேர்ச்சொல் முதலில், கலைச்சொல் பின்னர்
கணியூர் வட்டார அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



உயிரியல் பாடத்தில் மாணவர் இடறி நிற்கும் இடம் பெரும்பாலும் அதன் சொற்களே. மடத்துக்குளம் வட்டத்தில் அமராவதிப் பாசனத்தை ஒட்டிய கணியூரிலும், உடுமலைப்பேட்டை, தாராபுரம் என அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வளரும் பிள்ளைகள் தென்னையையும் கரும்பையும் பட்டுப்புழுவையும் பள்ளிக்கு வருமுன்பே அறிந்தவர்கள். அதே உயிர்கள் பாடநூலில் தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம் என்னும் அடுக்குகளில் புதிய பெயர்களோடு வரும்போது, அவை அறிமுகமற்றவையாகி, தேர்வுக்கு முதல் நாள் இரவு உருப்போடப்பட்டுத் தேர்வு முடிந்ததும் மறக்கப்படும் பட்டியலாகிவிடுகின்றன. இம்மடல் ஆசிரியர்களிடம் வைப்பது ஒரே வேண்டுகோள்: உயிரியல் கலைச்சொற்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்விக்கும் முன், அவை எந்தச் சில வேர்களைக் கொண்டு கட்டப்பட்டவை என்பதைக் கற்பிக்க வேண்டும், தமிழ் வேரையும், உலகெங்கும் வழங்கும் அறிவியல் பெயர்களில் அதற்கு நிகராக நிற்கும் கிரேக்க, இலத்தீன் வேரையும் அருகருகே வைத்துக் கற்பிக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் விலங்குலகத்தைப் பகுக்கும் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். துளையுடலிகள், குழியுடலிகள், மெல்லுடலிகள், கணுக்காலிகள், முட்தோலிகள் என்று தொகுதிப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. தொகுதி என்பது ஒரே அடிப்படை உடலமைப்பைக் கொண்ட விலங்குகளை எல்லாம் அடக்கும் பெரும்பிரிவு. இப்பெயர்களை ஆக்கியோர் ‘உடல்’ என்னும் சொல்லோடு ‘இ’ என்னும் விகுதியைச் சேர்த்து, இத்தகைய உடலை உடையது என்று பொருள்படும் ‘உடலி’யை அமைத்து, அதன் முன் துளை, குழி, மெல் என்று ஒவ்வோர் அடைமொழியை வைத்தனர். உடலெங்கும் நுண்துளைகள் கொண்ட கடற்பஞ்சு துளையுடலி ஆயிற்று. உடலின் நடுவே ஒரே குழியைக் கொண்ட ஹைட்ரா குழியுடலி ஆயிற்று. ஓட்டுக்குள் மெல்லிய உடலைச் சுருக்கிக்கொள்ளும் நத்தை மெல்லுடலி ஆயிற்று. நாற்காலி, முக்காலி என்னும் வீட்டுச் சொற்களில் உள்ள அதே ‘காலி’தான் கணுக்காலியிலும் உள்ளது, இறால், தேள், மரவட்டை, பட்டாம்பூச்சி ஆகிய அனைத்தும் கணுக்கணுவாக மடங்கும் கால்களை உடையவை என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. அடைமொழியை மாற்றினால் வயிற்றுக்காலி பிறக்கிறது, அது வயிற்றுப் பக்கத்துத் தசையையே காலாகக் கொண்டு நகரும் நத்தை. தலைக்காலி பிறக்கிறது, அது தலையிலிருந்தே கைகால்கள் கிளைக்கும் கணவாய்.

இதே கட்டுமானம்தான் கிரேக்கச் சொற்களிலும் இருக்கிறது. ‘போடா’ என்பது கால். ‘ஆர்த்ரோ’ என்பது மூட்டு அல்லது கணு. ‘கேஸ்ட்ரோ’ என்பது வயிறு. ‘செபலோ’ என்பது தலை. ஆகவே ஆர்த்ரோபோடா, கேஸ்ட்ரோபோடா, செபலோபோடா என்னும் மூன்றும் கணுக்காலி, வயிற்றுக்காலி, தலைக்காலி என்னும் மூன்றுக்கும் வேருக்கு வேர் நிகரானவை. இவ்வேர்கள் பிள்ளைகளின் காதுக்குப் புதியவையும் அல்ல. பாட்டியின் மூட்டுவலிக்கு மருத்துவர் சொல்லும் ஆர்த்ரைட்டிஸிலும், மருந்துக்கடையில் எல்லோரும் கேட்கும் கேஸ்ட்ரிக் மாத்திரையிலும், மூளைக்காய்ச்சலைக் குறிக்கும் என்செபலைட்டிஸிலும் அவை ஏற்கெனவே வழங்குகின்றன. தோல் மருத்துவத்தைக் குறிக்கும் டெர்மட்டாலஜியில் உள்ள ‘டெர்மா’வே, நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் அடங்கும் எக்கினோடெர்மேட்டாவில் நின்று முள் நிறைந்த தோலைக் குறிக்கிறது. இந்தத் தொகுதியின் தமிழ்ப் பெயரைப் பாடநூல் முட்தோலி என்று எழுதுகிறது. புணர்ச்சி விதியின்படி அது முட்டோலி ஆக வேண்டும் என்பார் இலக்கணம் அறிந்தோர்; ஆனால் கலைச்சொல்லில் வேர் கண்ணுக்குத் தெரிவதே முதன்மையானது என்பதால், முள்தோலி என்று இயல்பாக எழுதுவதே பிள்ளைகளுக்கு உதவும் என்பது இம்மடலின் கருத்து.

உணவை வைத்துப் பெயரிடும் ‘உண்ணி’க் குடும்பமும் இவ்வாறே விரிகிறது: தாவர உண்ணி, ஊன் உண்ணி, அனைத்துண்ணி, மற்றோர் உயிரின் உடலோடு ஒட்டி வாழும் ஒட்டுண்ணி, மட்கிய பொருளில் வாழும் மட்குண்ணி. இவற்றுள் ஒட்டுண்ணி என்னும் சொல் பாடநூலை விட்டு வெளியேறி வயலுக்கே போய்விட்டது. பூச்சியை அழிக்க ஒட்டுண்ணிக் குளவிகளை விடுவது பற்றி வேளாண் அலுவலரும் உழவரும் இன்று இயல்பாகப் பேசுகின்றனர். வேர் தெளிவாக உள்ள சொல்லுக்கு இந்த ஆற்றல் உண்டு.

செடி கொடிகளின் சொற்களில் தமிழுக்குள்ள பழைய வளம் தனியே கூறத்தக்கது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை புலன்களின் அடிப்படையில் அடுக்குவதைப் பலரும் அறிவர். அதே இயல் நிலைத்திணையைப் புல், மரம் என இரண்டாகப் பகுக்கும் முறை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. வெளிப்புறம் வன்மையாக இருப்பது புறக்காழ், அது புல். உட்புறம் வன்மையாக இருப்பது அகக்காழ், அது மரம். காழ் என்பது வைரம். ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று தச்சர் சொல்லும் அந்த வன்பகுதி. இப்பகுப்பின்படி மூங்கில் மட்டுமன்றித் தென்னையும் பனையும்கூடப் புல்லின் பக்கமே சேர்கின்றன. இன்றைய தாவரவியல் ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று பிரிக்கும்போது தென்னை, பனை, மூங்கில், கரும்பு, நெல் ஆகிய அனைத்தும் ஒருவித்திலையின் பக்கமே நிற்கின்றன. வித்திலை என்பது விதைக்குள் இருக்கும் முதல் இலை. தென்னையின் தண்டில் நீரும் உணவும் செல்லும் குழாய்க் கற்றைகள் சிதறிக் கிடக்கின்றன, அவை வெளிப்புறத்தில் நெருங்கியிருப்பதால் அங்கே வன்மை மிகுகிறது. வேம்பின் தண்டிலோ ஆண்டுதோறும் புதிய கட்டை சேரச் சேர நடுப்பகுதி இறுகி வைரமாகிறது. தொல்காப்பியர் நுண்ணோக்கியில் கண்டவற்றைச் சொன்னார் என்று கூறுவது மிகை. வெட்டுப்பட்ட மரத்தைக் கூர்ந்து பார்த்தவர்களின் அறிவு அவ்வியலில் பதிவாகியிருக்கிறது என்பதே சரி. கணியூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்பில் வெட்டிச் சாய்த்த தென்னையின் துண்டையும் வேம்பின் துண்டையும் அருகருகே காட்டினால், புறக்காழ், அகக்காழ், ஒருவித்திலை, இருவித்திலை ஆகிய நான்கு சொற்களும் ஒரே வகுப்பில் விளங்கிவிடும்.

இந்தக் ‘காழ்’ வெறும் இலக்கணச் சொல்லாக நின்றுவிடவில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டு செல்லும் குழாய்த் தொகுதியைக் காழ் என்றும், இலையில் உருவான உணவைப் பிற பகுதிகளுக்குக் கடத்தும் தொகுதியை உரியம் என்றும் குறிக்கின்றன. மரத்தில் வன்மையாக எஞ்சுவது அந்நீர்க்குழாய்த் தொகுதியே ஆதலால் காழ் என்னும் பெயர் பொருளால் பொருந்துகிறது. உரிக்கக்கூடிய பட்டையின் உட்பகுதியில் இருப்பதால் உரியம் என்பதும் பொருந்துகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவ்விரண்டையும் சைலம், புளோயம் என்று ஒலிபெயர்த்தே எழுதுகின்றன. ஒலிபெயர்ப்பு தவறு அன்று. உலக வழக்கோடு மாணவரை இணைக்க அது உதவும். ஆனால் சைலம் என்னும் சொல்லின் கிரேக்க வேருக்குக் கட்டை என்று பொருள் என்பதையும் பாடம் சொல்வதில்லை, காழ் என்னும் தமிழ்ச் சொல்லையும் பாடம் தருவதில்லை என்றால், மாணவர் கையில் எஞ்சுவது பொருளற்ற ஓசை மட்டுமே.

பின்னலாடைத் தொழிலோடு வாழும் திருப்பூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சொல் இன்னும் நெருக்கமானது. ஒரே பணியைச் செய்யும் செல்களின் கூட்டத்தைத் தமிழ்நாடு திசு என்கிறது. இலங்கை இழையம் என்கிறது. உடலைப் பகுத்து ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் சேவியர் பிஷா, 1801இல் வெளியிட்ட பொது உடற்கூற்றியல் நூலில் மனித உடலில் 21 வகைத் திசுக்களை வேறுபடுத்தினார். அவர் பயன்படுத்திய ‘திசு’ என்னும் பிரெஞ்சுச் சொல் நெய்யப்பட்ட துணியைக் குறிப்பது. திசுக்களை ஆராயும் துறைக்குப் பிற்காலத்தில் அமைந்த ஹிஸ்டாலஜி என்னும் பெயரின் முதற்பகுதியான ‘ஹிஸ்டோஸ்’ கிரேக்கத்தில் தறியையும் தறியில் உள்ள நெசவையும் குறித்தது. ஆக, ஐரோப்பிய அறிவியல் உடலின் அடுக்குகளைத் துணியாகவே கண்டது. இழை என்னும் வேரைக் கொண்டு இழையம் என்று ஆக்கிய இலங்கைத் தமிழர் அந்தப் பார்வையை அப்படியே தமிழில் பிடித்துவிட்டனர். பனியன் கம்பெனிக்குப் போகும் தாயிடம் இழை, நூல், துணி என்ற சொற்களை நாள்தோறும் கேட்கும் பிள்ளைக்கு, தசையிழையம், நரம்பிழையம், நீரைக் கடத்தும் காழிழையம் என்பவை எவ்வளவு எளிதில் விளங்கும் என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்வில் பாடநூலின் திசுவையே எழுதட்டும். வகுப்பில் இழையத்தைக் கேட்கட்டும்.

இலங்கை வழக்கு இவ்வளவு செழித்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, 1860களில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே அளித்து, உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் ஆகியவற்றுக்குத் தமிழில் நூல்களும் சொற்பட்டியல்களும் உருவாக்கினார். கற்பிக்க வேண்டிய தேவையே அங்கே சொல்லைப் பிறப்பித்தது. இன்றும் இலங்கையில் உயர்தர வகுப்பு உயிரியலைத் தமிழ்வழியில் கற்று மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்கள் உள்ளனர். முதுகெலும்பு உள்ளதும் இல்லாததுமான விலங்குகளை அவர்கள் முள்ளந்தண்டுளி, முள்ளந்தண்டிலி என்று வழங்குகின்றனர். ‘உளி’ என்றால் உள்ளது, ‘இலி’ என்றால் இல்லாதது என்னும் இரண்டு விகுதிகளைத் தெரிந்துகொண்ட பிள்ளை, அதுவரை பார்த்திராத பத்துச் சொற்களையேனும் தானே விடுவித்துக்கொள்ளும்.

தமிழகத்து முயற்சியும் சிறிதன்று. இராஜாஜி முன்னின்று 1916இல் சேலத்தில் அறிவியல் சொல்லாக்கத்துக்கெனச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் துறைதோறும் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டனர். வடமொழி வேர்களைக் கொள்வதா, தனித்தமிழ் வேர்களைக் கொள்வதா, ஒலிபெயர்ப்பதா என்னும் வாதம் அக்காலத்தில் கடுமையாக நடந்தது. ஆனால் இவ்வட்டாரத்து ஆசிரியர்கள் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டிய பணி கலைக்களஞ்சியம். திருப்பூரில் 1903இல் பிறந்து, 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பெரியசாமித்தூரன் அக்கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மைப் பதிப்பாசிரியரானார். முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது; இணைப்புத் தொகுதியையும் சேர்த்துப் பத்துத் தொகுதிகளும் 1968இல் நிறைவுற்றன. அதன்பின் குழந்தைகளுக்கெனத் தனியே பத்துத் தொகுதிகள் அவர் பொறுப்பிலேயே வந்தன. விலங்கையும் செடியையும் பற்றி அறிஞர் எழுதிய கட்டுரைகளை, எந்தச் சொல் எங்கு வந்தாலும் ஒரே பொருளில் வருமாறு ஒழுங்குபடுத்திய அந்த உழைப்பு கொங்கு நாட்டு ஆசிரியர் ஒருவருடையது என்பது இவ்வட்டாரத்து வகுப்பறைகளில் சொல்லப்பட வேண்டும்.

இனி வயலுக்கு வரலாம். லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1753இல் தாவரங்களுக்கும், 1758இல் விலங்குகளுக்கும் நிலைபெறச் செய்த இருசொற்பெயரீட்டு முறையில் ஒவ்வோர் உயிருக்கும் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என இரண்டு சொற்கள் உண்டு. அவ்விரண்டாம் சொல் பெரும்பாலும் ஏதோ ஒரு பண்பைச் சொல்வது. கணியூர்த் தோப்பில் நிற்கும் தென்னையின் பெயர் கோகோஸ் நியூசிஃபெரா. மூலனூர்ப் பக்கம் ஏக்கர் ஏக்கராகப் பயிராகும் முருங்கையின் பெயர் மொரிங்கா ஒலிஃபெரா. மாமரம் மாஞ்சிஃபெரா இண்டிகா. பனை பொராசஸ் ஃபிளாபெல்லிஃபெர். நான்கிலும் வரும் ‘ஃபெர்’ என்னும் இலத்தீன் வேருக்குத் தாங்குவது, தருவது என்று பொருள். கொட்டையைத் தாங்குவது தென்னை, எண்ணெயைத் தருவது முருங்கை, மாங்காயைத் தருவது மா, விசிறியைத் தாங்குவது பனை. துளையுடலிகளின் அறிவியல் பெயரான பொரிஃபெராவிலும் அதே ‘ஃபெர்’ நின்று துளைகளைத் தாங்குவது என்று சொல்கிறது. மேலும், மொரிங்கா என்னும் பேரினப் பெயரே முருங்கை என்னும் சொல்லிலிருந்தும், புங்கமரத்துக்கு நெடுங்காலம் வழங்கிய பொங்கேமியா என்னும் பெயர் புங்கம் என்னும் சொல்லிலிருந்தும் பிறந்தவை. உலகத் தாவரவியலின் பெயர்ப் பட்டியலில் தன் மொழியும் வேராக இருக்கிறது என்பதை ஒரு மாணவி அறியும்போது அப்பட்டியல் அவளுக்கு அயலார் உடைமையாகத் தோன்றாது.

பருத்தியை விட்டுவிட்டு இவ்வட்டாரத்தில் தாவரவியலைப் பேச முடியாது. கருங்கண்ணிப் பருத்தி காசிப்பியம் ஆர்போரியம், அதாவது மரம் போன்றது. உப்பம் பருத்தி காசிப்பியம் ஹெர்பேசியம், அதாவது பூண்டு போன்றது, தாவர உண்ணியைக் குறிக்கும் ஹெர்பிவோரில் வரும் அதே வேர். கம்போடியாப் பருத்தி காசிப்பியம் ஹிர்சூட்டம், அதாவது மயிர் அடர்ந்தது. கோவையிலிருந்து வெளிவந்த எம்.சி.யு. வகைகளின் மூன்றெழுத்தும் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்பவற்றின் சுருக்கமே. முதலிரு பருத்திகளின் செல்லில் 26 குரோமோசோம்கள், அதாவது இரண்டு தொகுப்பு; மூன்றாவதில் 52, அதாவது நான்கு தொகுப்பு. இதையே ஒருமயம், இருமயம், நான்மயம் என்று தமிழும், ஹேப்ளாய்டு, டிப்ளாய்டு, டெட்ராப்ளாய்டு என்று ஆங்கிலமும் எண்ணுப்பெயர் வேர்களைக் கொண்டு சொல்கின்றன. தலையணைக்குப் பஞ்சு தரும் இலவமரத்தின் சிற்றினப் பெயரான பென்டாண்ட்ரா, ஐந்து மகரந்தத் தாள்களைக் குறிப்பது. முள்ளிலவின் பேரினப் பெயர் பாம்பாக்ஸ். பட்டுப்புழுவின் பேரினப் பெயர் பாம்பிக்ஸ். பட்டைக் குறித்த பழைய கிரேக்கச் சொல் ஒன்றே பிற்காலத்தில் திரிந்து பஞ்சையும் குறித்ததால், மரமும் புழுவும் ஒரே வேரின் பெயரைப் பெற்றன.

உடுமலை, மைவாடி பக்கத்துப் பட்டுப்புழு வளர்ப்பு மனைக்கு வகுப்பை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கு ‘டெரா’ என்னும் ஒரே வேர் போதும். ‘டெரான்’ என்றால் கிரேக்கத்தில் சிறகு. பட்டு அந்துப்பூச்சி லெபிடோப்டெரா வரிசையைச் சேர்ந்தது, செதில் படிந்த சிறகுடையது. தொட்டால் விரலில் ஒட்டும் பொடி அந்தச் செதிலே. புழுவின் உடலில் முட்டையிட்டுப் பட்டு வளர்ப்போரை வாட்டும் ஊசி ஈ டிப்டெரா வரிசை, இரண்டே சிறகுகள் உடையது; அதன் பெயரான எக்சோரிஸ்டா பாம்பிசிஸ் என்பதன் இரண்டாம் சொல் பாம்பிக்ஸுக்கு உரியது என்று பொருள்பட்டு, அது யாரைத் தாக்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. வண்டு கோலியாப்டெரா, உறை போன்ற சிறகு. குளவியும் தேனீயும் ஹைமனாப்டெரா, சவ்வுச் சிறகு. வௌவால் கைராப்டெரா, கையே சிறகானது. ஹெலிகாப்டரின் பிற்பாதியிலும் அதே சிறகுதான் இருக்கிறது. ஆனைமலைக் காடுகளில் வளரும் வேங்கை மரத்தின் பேரினப் பெயரான டெரோகார்பஸுக்குச் சிறகுடைய கனி என்று பொருள்; அதன் வட்டமான காயைச் சுற்றித் தாள் போன்ற சிறகு இருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். வேங்கைக்குத் தமிழில் கணி என்றும் ஒரு பெயர் உண்டு. கணியூரின் பெயர் அதிலிருந்து வந்தது என்று சொல்ல இங்கே சான்று காட்டப்படவில்லை. எனினும் கணியூர்ப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி அது.

வேர்வழிக் கல்விக்கு எல்லையும் உண்டு, அதை மறைத்துக் கற்பிப்பது தீங்காக முடியும். பெயர் என்பது வரையறை அன்று. இந்தியாவில் முதன்முதலாக 2016இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்டுத் தென்னையைத் தாக்கிய சுருள் வெள்ளை ஈ பெயரளவில்தான் ஈ; அதற்கு நான்கு சிறகுகள் உண்டு, அது ஹெமிப்டெரா என்னும் வேறு வரிசையைச் சேர்ந்து, மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் உறவாக நிற்பது. அதன் பேரினப் பெயரான அலூரோடிகஸில் மாவைக் குறிக்கும் வேர் இருப்பது அதன் உடலில் படியும் வெண்பொடியால். பட்டுப்புழுவும் மண்புழுவும் தமிழில் புழுக்களே. முன்னது ஒரு பூச்சியின் இளம்பருவம், பின்னது வளர்ந்த பின்னும் வளைதசைப் புழுவாகவே இருப்பது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு: வரை என்றால் மலை, ஆகவே மலையாடு. முன்பு ஹெமிட்ராகஸ், அதாவது பாதி ஆடு, என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இவ்விலங்கு 2005இல் நீல்கிரிட்ராகஸ் என்னும் தனிப் பேரினமாயிற்று. ‘ட்ராகஸ்’ என்றால் வெள்ளாடு. ஆனால் அந்த மாற்றத்துக்குக் காரணமான மரபணு ஆய்வோ இவ்விலங்கு செம்மறியின் பக்கமே நெருங்கியது என்று காட்டிற்று. பெயர் பழைய எண்ணத்தைத் தாங்கி நிற்க, அறிவு முன்னே சென்றுவிட்டது. இவ்வகைப் பிறழ்வுகளைக் கண்டவுடன் வேர்வழிக் கல்வியைக் கைவிடுவதைக் காட்டிலும், இவற்றையே பாடமாக்குவது நல்லது. ‘பெயர் இப்படிச் சொல்கிறதே, உயிரைப் பார்த்தால் அப்படி இல்லையே’ என்று ஒரு பிள்ளை கேட்கும் இடத்தில்தான் வகைப்பாட்டியல் உண்மையில் தொடங்குகிறது.

ஒன்றுபோல் தோன்றும் வேர்கள் இரு மொழிகளில் இரு பொருள் தருவதும் உண்டு. ‘பெட்’ என்பது இலத்தீனில் கால். குழந்தை மருத்துவத்தைக் குறிக்கும் பீடியாட்ரிக்ஸில் வருவதோ குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். இத்தகைய சில இடங்களை முன்கூட்டியே சுட்டிவிட்டால் போதும்.

நடைமுறையில் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஓர் அலகைத் தொடங்கும் நாளில், அவ்வலகில் வரும் சொற்களின் வேர்களைக் கரும்பலகையின் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் கிரேக்க இலத்தீன் வடிவத்திலும் எழுதி, சொற்களை மாணவரே பிரிக்குமாறு விடலாம்; பிரித்த பின் பாடத்தில் இல்லாத ஒரு பெயரைக் கொடுத்து அதன் பொருளை ஊகிக்கச் சொல்லலாம். ஊகம் தவறினாலும் மதிப்பெண் குறைக்கலாகாது. பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளைகளுக்கு இது தனி உதவி. கணுக்காலியையும் ஆர்த்ரோபோடாவையும் ஒன்றாகக் கற்றவர் அந்த மாற்றத்தில் தடுமாறுவதில்லை. பீகார், ஒடிசா மாநிலங்களிலிருந்து பின்னலாடை வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வழி உண்டு: இருவித்திலைக்கு இந்தியில் வழங்கும் ‘த்விபீஜபத்ரி’யும் இரண்டு, விதை, இலை என்னும் அதே மூன்று துண்டுகளால் ஆனது. அப்பிள்ளையையே எழுந்து அச்சொல்லை வகுப்புக்கு விளக்கச் சொல்வது, இரு மொழிக்காரருக்கும் பயன் தரும்.

வெளியூர்ப் பயணத்துக்கு வாய்ப்புள்ள பள்ளிகள் கோவையில் உள்ள காஸ் வன அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லலாம். வாய்ப்பில்லாத பள்ளிகளுக்கு அமராவதிக் கால்வாய்க் கரையே போதுமானது. அங்கே புல்லும் மரமும், கணுக்காலியும் மெல்லுடலியும், ஈருயிர் வாழ்வு நடத்தும் தவளையும் ஒரே காலையில் கிடைக்கும்.

பாடநூல் எழுதும் குழுக்களில் இடம்பெறும் ஆசிரியர்களுக்கு மட்டும் இன்னொரு வேண்டுகோள் உண்டு. ஒரு வேருக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தபின் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அதை மாற்றாமல் காக்க வேண்டும். ஒரு வகுப்பில் ஈருயிர் வாழ்வன என்றும், அடுத்ததில் இருவாழ்விகள் என்றும், மற்றொன்றில் நீர்நில வாழ்வன என்றும் வந்தால், பிள்ளை ஒரே தவளையை மூன்று முறை மனப்பாடம் செய்ய நேர்கிறது. மூன்றும் நல்ல சொற்களே. ஒன்றைத் தலைப்பில் நிறுத்தி, மற்ற இரண்டையும் இலங்கையின் ஈரூடகவாழியையும் பாட இறுதியில் ஒரு வரியில் குறிப்பிட்டால் சிக்கல் தீரும்.

வரும் கல்வியாண்டில் உயிரியலின் முதல் அலகைத் தொடங்கும் நாளில், ஒரே ஒரு பாடவேளையை வேர்ச்சொற்களுக்கு மட்டும் ஒதுக்கித் தருமாறு கணியூர் வட்டார அறிவியல் ஆசிரியர்களை இம்மடல் பணிவோடு வேண்டுகிறது.